லாலாகுடாவிலிருந்து கல்வாரி எவ்வளவு தூரம், தெரியுமா?

செகந்திராபாத் சந்திப்புக்கும் மெட்டுகூடாவுக்கும் பக்கத்தில் இருக்கும் லாலாகுடாவை ரயிலை வைத்துத்தான் நம்மில் பலருக்குத் தெரியும். 1893இல் நிஜாமின் ரயில்வே தொடங்கிய பெட்டிப் பட்டறை இன்றும் அங்கே ஓடுகிறது. ரயில்வே ஆஸ்பத்திரி, குவார்ட்டர்ஸ், லோகோ ஷெட் எல்லாம் அங்கேதான். லாலாகுடா ஷெட்டின் பெயர் எழுதிய மின் எஞ்சின்களை நாட்டின் எந்த மூலையிலும் பார்க்கலாம். அதே லாலாகுடாவைச் சுற்றிலும், அங்கிருந்து புறப்படும் தண்டவாளங்களின் ஓரத்திலும், இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஒரு கேள்விக்குக் கல்லிலும் கண்ணாடியிலும் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது தெரியுமா? மேசியாவான இயேசு ஏன் அப்படி வாழ்ந்தார், கல்வாரிச் சிலுவையில் ஏன் அப்படிச் செத்தார் என்பதே அந்தக் கேள்வி.

முதலில், இங்கே தமிழ் எப்படி வந்தது? 1806இல் செகந்திராபாத் உருவானபோதே சென்னைப் படையின் பட்டாளங்கள் இங்கே கூடாரம் அடித்துவிட்டன. சிப்பாய்களோடும் அவர்களை நம்பிப் பிழைத்தவர்களோடும் தமிழும் வந்தது. ஊரார் எஸ்.பி.ஜி. சர்ச் என்று அழைக்கும் புனித தோமா ஆலயம் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்ச் சபையோடு பிறந்தது. பிறகு ரயில் வந்தது. பட்டறை வேலைக்கு வந்த தமிழர், தெலுங்கர், ஆங்கிலோ-இந்தியர் எல்லாருக்கும் பெரிய வெள்ளி ஒரே நாளில்தான் வரும். பகல் 12 மணிக்குத் தொடங்கி 3 மணிவரை சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் எல்லாருக்கும் பழக்கமானது.

அந்த மூன்று மணி ஆராதனை எங்கே பிறந்தது, தெரியுமா? எருசலேமில் இல்லை, ரோமில் இல்லை, லண்டனிலும் இல்லை! தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் லீமா நகரில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குரு தொடங்கியது அது. ஆம், அவருடைய குடும்பப் பெயரே மெசியாதான்! அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போனது. காதிஸ் நகரத்தார் 1780களில் இசையமைப்பாளர் ஹேடனிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார்கள்: ஆயர் ஒவ்வொரு வார்த்தையையும் விளக்கி முடித்ததும் வாசிக்க ஏழு மெதுவான இசைத்துண்டுகள் வேண்டும். கறுப்புத் துணி போர்த்திய சுவர்களுக்கு நடுவே அந்த இசை ஒலித்தது. கத்தோலிக்கரிடம் பிறந்த வழிபாட்டைப் பிறகு ஆங்கிலிக்கரும் எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் பட்டறைக் குடியிருப்புகள் வரைக்கும் வந்து சேர்ந்தது.

ஏழு வார்த்தைகளும் ஒரே நூலில் இல்லை என்பது தெரியுமா? லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று, மத்தேயுவும் மாற்குவும் சொல்வது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும்விடக் கடினமானது: தேவனே தன்னைக் கைவிட்டாரா என்று மேசியா கதறும் இடம். அது அவர் சொந்தமாகச் சொன்னதும் இல்லை. தாவீதின் சங்கீதம் 22இன் முதல் வரி. வலி உச்சத்தில் இருக்கும்போது தன் மக்களின் பழைய பாட்டைத்தான் அவர் வாய் தேடியது! அந்தச் சங்கீதம் கதறலில் தொடங்கித் துதியில் முடிகிறது. முதல் வரியைச் சொன்னவர் முடிவையும் அறிந்தே சொன்னார் என்று விசுவாசிகள் படிக்கிறார்கள்.

இன்னொரு வியப்பைக் கேளுங்கள். ஞாயிறுதோறும் சபையார் எழுந்து நின்று சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில், இயேசுவைத் தவிர எத்தனை மனிதர்களின் பெயர் வருகிறது? இரண்டே பேர்! ஒருவர் அவரைப் பெற்ற மரியாள். இன்னொருவர் அவரைச் சாகக் கொடுத்த பொந்தியு பிலாத்து. பேதுரு இல்லை, பவுல் இல்லை. தீர்ப்பு எழுதிய அதிகாரியின் பெயரைப் பல நூற்றாண்டுகளாக உலகம் வாரந்தோறும் உச்சரிக்கிறது. நம்பிக்கை என்பது ஏதோ ஒரு காலத்தில் எங்கோ நடந்ததைப் பற்றியதாக ஆகிவிடக் கூடாது, இன்ன அதிகாரியின் ஆட்சியில் நடந்தது என்று தேதி குறித்து வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் அது. அந்த அதிகாரி யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. 1961இல் கடலோரச் செசரியாவில் இத்தாலிய அகழ்வாளர்கள் ஒரு பழைய நாடக அரங்கைத் தோண்டியபோது, படிக்கட்டாகப் போட்டிருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லில் பிலாத்துவின் பெயரும் யூதேயாவின் ஆளுநர் என்ற பதவியும் கிடைத்தன. பிலாத்துவின் காலத்திலேயே வெட்டிய எழுத்து!

பெயர்கள் கிடக்கட்டும். அந்தப் பிரமாணத்தில் மரியாளிடம் பிறந்ததும் அடுத்த மூச்சிலேயே பாடுபட்டதும் வந்துவிடுகிறது. நடுவில் முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஒரு காற்புள்ளிக்குள் அடங்கிவிடுகின்றன! தச்சுவேலை, கலிலேயாக் கடற்கரை, தொழுநோயாளியைத் தொட்ட கை, ஆயக்காரர் வீட்டுப் பந்தி, அழுத கண்ணோடு வந்த பெண்ணை விரட்டாமல் விட்டது, இதெல்லாம் எங்கே? சுவிசேஷங்கள் அப்படிச் செய்யவில்லை. மாற்குவில் மொத்தம் 16 அதிகாரங்கள். கடைசி ஆறு அதிகாரங்கள்தான் எருசலேமில் நுழைந்ததிலிருந்து நடந்ததைச் சொல்கின்றன. முதல் பத்தும் அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார், யாரைத் தொட்டார், யாரைக் கோபப்படுத்தினார் என்று சொல்லிக்கொண்டே போகின்றன. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அந்த வாழ்க்கையை நீக்கிவிட்டால் அந்தச் சாவு விளங்காது. தீண்டக்கூடாதவர்களைத் தொட்டவர் கடைசியில் தீண்டக்கூடாத சாவைச் செத்தார். இரண்டும் ஒரே செயலின் இரு பாதிகள்.

தீண்டக்கூடாத சாவு என்று மிகைப்படுத்தவில்லை. ரோமர்கள் சிலுவையை அடிமைக்கும் கலகக்காரனுக்கும்தான் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ரோமக் குடிமகன் சிலுவை என்ற சொல்லையே நினைக்கக்கூடாது என்று ரோமப் பேச்சாளர் சிசரோ வாதிட்டார். கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகள் தோற்றபோது, காப்புவாவிலிருந்து ரோம்வரை போகும் சாலையோரத்தில் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். ஆறாயிரம்! அந்தச் சாலையில் நடந்துபோன ஒரு ரோமனிடம் போய், சிலுவையில் செத்த ஒருவர்தான் உலகத்தின் இரட்சகர் என்று சொல்லிப் பாருங்கள்.

சொன்னார்கள். அதற்குக் கிடைத்த கேலி இன்னும் அழியாமல் இருக்கிறது, தெரியுமா? 1857இல் ரோமின் பாலத்தீன் குன்றில் ஒரு கட்டடச் சுவரில் யாரோ பழங்காலத்தில் கீறிவிட்டுப்போன கிறுக்கல் கிடைத்தது. சிலுவையில் தொங்கும் உடல், ஆனால் தலை கழுதைத் தலை! கீழே ஒருவன் கையை உயர்த்தி நிற்கிறான். அலெக்ஸமெனோஸ் என்பவன் தன் தெய்வத்தைக் கும்பிடுகிறான் என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. நமக்குக் கிடைத்த மிகப் பழைய சிலுவைப்பாட்டுச் சித்திரங்களில் ஒன்று, கிறிஸ்தவரைக் கேலி செய்ய வரைந்தது. கிறிஸ்தவர்களோ அந்தக் காலத்தில் மீனையும் நங்கூரத்தையும் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமக்கும் மேய்ப்பனையும்தான் வரைந்தார்கள். சிலுவைக் காட்சியைப் பொதுவில் தைரியமாகச் செதுக்கியது ரோமின் சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவில், ஏறக்குறைய கி.பி. 430இல்! நானூறு ஆண்டு ஆகியிருந்தது. கண்ணால் அந்தத் தண்டனையைப் பார்த்த தலைமுறைகள் எல்லாம் போன பிறகுதான் கைக்குத் துணிவு வந்தது.

ஆணி ஒன்றும் கிடைத்திருக்கிறது. 1968இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையைத் திறந்தபோது, எலும்புப் பெட்டியில் யெகோகனான் என்ற பெயர். உள்ளே குதிகால் எலும்பு, அதில் ஏறிய 11.5 சென்டிமீட்டர் இரும்பு ஆணி. நுனி வளைந்துவிட்டதால் பிடுங்க முடியாமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள். அவர் யார், என்ன செய்தார், எதற்குத் தண்டித்தார்கள், ஒன்றும் தெரியாது. இயேசு வாழ்ந்த அதே நூற்றாண்டில் சிலுவையில் செத்த இன்னொரு யூதர். அந்த மனிதரின் வீட்டாரும் அழுதிருப்பார்கள் என்பதை நினைத்தால் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது.

சரி, இந்தச் சாவுக்கு அர்த்தம் உண்டு என்று சீடர்களுக்கு எங்கிருந்து தோன்றியது? ஏசாயாவின் நூலில், 53ஆம் அதிகாரத்தில். மற்றவர்களுக்காக அடிபட்டு, வாய் திறக்காமல், வெட்டப்படப் போகும் ஆட்டுக்குட்டியைப்போல் போகும் ஒரு தாசனை அது பாடுகிறது. யூத மரபு அந்தத் தாசனை இஸ்ரவேல் மக்களாகவே பெரும்பாலும் படிக்கிறது. கிறிஸ்தவர்கள் மேசியாவாகப் படிக்கிறார்கள். கிறிஸ்துவுக்குப் பின்னால் யாராவது அதை எழுதிச் சேர்த்திருக்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு. அதற்குப் பதில் எப்படி வந்தது, தெரியுமா? சாக்கடல் ஓரக் குகை ஒன்றில் ஆடு மேய்த்த பெதூயின் இளைஞர்களுக்கு, 1946-47இல், ஜாடிக்குள் சுருட்டிய தோல்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று 7.34 மீட்டர் நீளம், 17 தோல்களைத் தைத்து இணைத்தது, ஏசாயாவின் 66 அதிகாரங்களும் அதில் இருக்கின்றன. எழுதிய காலம் ஏறக்குறைய கி.மு. 125! 53ஆம் அதிகாரமும் அதன் இடத்தில் அப்படியே இருக்கிறது.

அர்த்தத்தை ஒரே வாக்கியத்தில் திருச்சபை எப்போதும் முடித்துவிடவில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. கிறிஸ்து கடவுளும் மனிதருமானவர் என்பதைச் சங்கங்கள் கூடி வரையறுத்தன. ஆனால் சிலுவை எப்படி மீட்கிறது என்பதற்கு ஒரே ஒரு விளக்கத்தைக் கட்டாயமாக்கிய பிரமாணம் எதுவும் பழைய சங்கங்களிலிருந்து வரவில்லை! 2ஆம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயர் இரனேயு, குழந்தைப் பருவம், சிறு வயது, இளமை என்று ஒவ்வொரு வயதையும் இயேசு தாமே வாழ்ந்து ஒவ்வொன்றையும் புனிதமாக்கினார் என்றார். அவருக்கு வாழ்க்கையே மீட்பு. 1098இல் கான்டர்பரியின் அன்செல்ம், மனிதன் தீர்க்க முடியாத கடனைக் கடவுள் மனிதராகித் தீர்த்தார் என்று நூல் எழுதினார். அவருக்குப் பின்வந்த அபெலார்டு, அந்த அன்பைப் பார்த்த நெஞ்சு மாறுவதே மீட்பு என்றார். 1930இல் சுவீடனின் குஸ்தாவ் அவுலேன், ஆதிச் சபை சிலுவையைத் தோல்வியாக அன்றி, சாவையும் தீமையையும் வென்ற வெற்றியாகவே பாடியது என்று நினைவுபடுத்தினார். எனக்கு இரனேயுதான் பிடிக்கும். அந்தக் காற்புள்ளிக்குள் நுழைந்து பார்த்தவர் அவர்.

கடன் என்றதும் ஒரு சம்பவம். ஹேண்டலின் மெசையா என்ற இசைப் படைப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1741இல் 24 நாட்களில் எழுதி முடித்தார். அதில் இயேசு என்ற பாத்திரமே இல்லை என்பது தெரியுமா? சார்லஸ் ஜென்னன்ஸ் தொகுத்த வேத வசனங்கள்தான் பாட்டு, பெரும்பகுதி பழைய ஏற்பாடு. முதல் அரங்கேற்றம் லண்டனில் இல்லை, டப்ளினில், 1742 ஏப்ரல் 13ஆம் தேதி. கூட்டம் நெருக்கும் என்று, ஆண்கள் வாளில்லாமலும் பெண்கள் பாவாடைக்குள் வளையம் இல்லாமலும் வரும்படி கேட்டுக்கொண்டார்கள்! வசூலில் பங்கு ஆஸ்பத்திரிகளுக்கும் கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும் போனது. 142 கடனாளிகள் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். மேசியா பலருக்காகத் தம்மை மீட்கும்பொருளாகக் கொடுத்தார் என்று மாற்கு எழுதினார்; அந்த மேசியாவைப் பாடிய மேடை, நிஜமாகவே 142 பேரை மீட்டது!

தமிழர் இதை எப்படிச் சிந்தித்தார்கள்? நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, கம்பனில் ஊறி, பிறகு கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையை இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியமாக 1894இல் தந்தார். பனியனின் மூலத்தில் பயணிதான் நாயகன், கிறிஸ்துவின் பாடுகள் கதையாக விரிவதில்லை. கிருஷ்ண பிள்ளைக்கு அது போதவில்லை! மேசியாவின் பாடுகளுக்கென்றே ஒரு படலத்தைத் தாமே எழுதிச் சேர்த்தார். காப்பியத்தில் படிப்பவர் கண் கலங்கும் இடம் அதுதான். சென்னையில் சக்கரைச் செட்டியார் இருந்தார், தொழிற்சங்கவாதி, பிறகு சென்னை மேயரும் ஆனார். இயேசுவை அவதாரம் என்றே எழுதினார். ஆனால் வந்து, காரியம் முடிந்து, திரும்பிப்போகும் அவதாரம் அல்ல, சிலுவையோடு முடியாமல் ஆவியாக மனிதருக்குள் தொடரும் அவதாரம் என்றார். சிலுவையும் இந்தியச் சிந்தனையும் பற்றி 1932இல் தனி நூலே எழுதினார். தொழிலாளரின் கூலிக்காகப் பேசியவர் சிலுவையைப் பற்றியும் எழுதினார் என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இனி ரயிலேறுவோம். செகந்திராபாத்திலிருந்து காஜிப்பேட்டை தாண்டி விஜயவாடா போகும் பாதையில், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போனால், தோர்ணக்கல் சந்திப்பு வரும். சிங்கரேணி நிலக்கரிக்குக் கிளைப்பாதை பிரியும் இடம். இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயரின் ஆசனம் அந்தச் சின்ன ரயிலூரில் இருந்தது என்பதும், அவர் தமிழர் என்பதும் தெரியுமா?

வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்ட் 17ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துப் போதகர் வீட்டில் பிறந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் நெல்லைச் சபையார் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம் பணம், நம் ஆட்கள் என்பதே திட்டம். அதன் பின்னால் நின்று உழைத்தவர் அசரியா. எங்கே போவது? நிஜாமின் நாட்டில், தெலுங்கு பேசும் தோர்ணக்கலுக்கு! மொழி தெரியாது, ஊர் தெரியாது. 1909இல் அசரியா தாமே குடும்பத்தோடு அங்கே போனார். 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். ஊர்க்கிணற்றுக்கு அருகில் வர முடியாதவர்கள். அடிமையின் சாவைச் செத்த ஆண்டவர் என்ற சேதியை அவர்களுக்கு விளக்க யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் இதே அசரியா எழுந்து மேற்கத்திய மிஷனரிகளிடம் பேசியது பெரும் சலசலப்பை உண்டாக்கியது. உங்கள் தியாகத்துக்கு இந்தியா நன்றி சொல்லும், சொத்தைத் தந்தீர்கள், உயிரைக்கூடத் தந்தீர்கள், ஆனால் எங்களுக்கு நட்பைத் தாருங்கள் என்ற கருத்தில் முடித்தார். ஒரே பந்தியில் சமமாக உட்காராதவன் சிலுவையைப் பிரசங்கிக்கலாமா என்ற கேள்வி அதற்குள் இருந்தது. இயேசு வாழ்ந்த பந்திகளிலிருந்து எழுந்த கேள்வி அது.

அவர் கட்டிய எப்பிபனி பேராலயத்தைப் பார்க்க வேண்டும்! ஏறக்குறைய கால் நூற்றாண்டு உழைப்பு. 1939 ஜனவரி 6ஆம் தேதி பிரதிஷ்டை. கோதிக் கூரான் கோபுரத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். மசூதியின் குமிழ்களும் மினார்களும், கோயில் மண்டபத்தின் தூண்களும் ஒன்றாக நிற்கின்றன. நிஜாமின் நாட்டு மக்கள் கண்ணுக்குப் பழகிய வடிவங்கள் அத்தனையும் உண்டு. தாமரைமேல் சிலுவை. தூண்களில் செதுக்கியது என்ன, தெரியுமா? வாழைப்பூ! ஏன் வாழை? வாழை ஒரே முறைதான் குலை தள்ளும். குலை தந்ததும் தாய்மரம் போய்விடும், அடியில் கன்று எழுந்து நிற்கும். தன் உயிரைக் கொடுத்து அடுத்த உயிரை நிற்க வைத்தல். கல்யாண வாசலில் வாழை கட்டும் வீட்டில் பிறந்தவருக்கு இதற்கு உரை தேவையா? மேசியாவின் மரணத்துக்கு இத்தனை வேதசாஸ்திரிகள் எழுதிய விளக்கங்களில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. தோட்டத்துக்குப் போகிற எவரும் பார்த்திருக்கும் செடி அது.

அசரியா 1945 ஜனவரி 1ஆம் தேதி தோர்ணக்கலிலேயே காலமானார். ஆங்கிலிக்கர், மெதடிஸ்டு, காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் எல்லாரும் ஒரே சபையாக வேண்டும் என்று ஆயுள் முழுக்கப் போராடியவர். சிலுவை எல்லாச் சுவரையும் இடித்தது என்று பிரசங்கித்துவிட்டுத் தனித்தனி அப்பத்தைப் பிட்கலாமா என்பது அவர் வேதனை. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னைக் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அவர் இல்லை. சுதந்திரம் வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது!

அந்தத் திருச்சபையில் ஐதராபாத்-செகந்திராபாத் வட்டாரம் மேதக் பேராயத்தில் சேர்ந்தது. மேதக் கதீட்ரல் ஐதராபாத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் என்ற வெஸ்லியன் மிஷனரி 1914இல் தொடங்கி 1924 டிசம்பர் 25ஆம் தேதி பிரதிஷ்டை செய்தது. பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலையும் சோறும் கிடைக்கவே அதைக் கட்டினார் என்று அந்த வட்டாரத்தார் இன்றும் சொல்வார்கள். அங்கே மூன்று பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள்: பிறப்பு, சிலுவை, பரமேறுதல். லண்டன் ஓவியர் ஃபிராங்க் சாலிஸ்பரியின் வேலை. மூன்றும் ஒன்றாக வந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். பரமேறுதல் 1927இல் வந்தது. பிறப்பு 1947இல். சிலுவை எல்லாவற்றுக்கும் கடைசியாக, 1958இல்! அந்த ஆலயத்தில் ஒரு தலைமுறை முழுவதும், மகிமையை முதலில் பார்த்து, தொழுவத்தைப் பிறகு பார்த்து, சிலுவையை எதிர்பார்த்தபடி பெரிய வெள்ளிகளை அனுசரித்தது.

போகிறவர்கள் பகலிலேயே போய்விடுங்கள். வெளியே வெயில் இருந்தால்தான் அந்தக் கண்ணாடி பேசும், உள்ளே எத்தனை விளக்கு போட்டாலும் உருவம் எழும்பாது. இன்னொன்று: எல்லாரும் போல நேரே சிலுவைச் சாளரத்துக்கு ஓடாதீர்கள். முதலில் பிறப்புச் சாளரத்திலிருக்கும் பிள்ளையின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பிறகு அங்கே போங்கள்.